நொச்சித் தூளும் இறால் குஞ்சுகளும்

இலையிலிருந்து செய்த பொருள் யாரையும் கொல்லாது என்று நானும் நம்பித்தான் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தேன்.

ராயபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். வீடு புளியந்தோப்பில், ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி. காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து ஆய்வகம் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை நொச்சி இலை கழுவுவதுதான். கழுவிய இலையை நிழலில் காயவைத்து, பொடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுவோம். அந்தச் சாற்றில் துத்தநாக உப்பைப் போட்டுக் கிளறினால் மெல்ல மெல்லக் கெட்டியாகும். அதை உலர்த்தி உலையில் சுட்டெடுத்தால் முகத்துக்குப் போடும் பவுடரைவிட மெல்லிய வெள்ளைத் தூள் கிடைக்கும். துத்தநாக ஆக்சைடு. அதன் ஒரு துகள் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நானோ துகள் என்பது அதைத்தான்.

படகின் அடியிலும் வலையிலும் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க இந்தத் தூளைப் பூசலாம் என்பது எங்கள் திட்டம். தூள் பாசியைத் தடுக்கிறது என்பதை எனக்கு முன்னால் இருந்தவர்களே காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அது தண்ணீரில் இருக்கும் மற்ற உயிர்களுக்குக் கெடுதல் செய்யுமா என்று பார்ப்பது என் பங்கு. என் வழிகாட்டி ஐம்பதை நெருங்கும் வேதியியல் பேராசிரியை. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே அவர் சொன்னார்: "உன் சாப்டர் சின்னதுதான். நச்சு இல்லைன்னு காட்டிட்டா போதும்."

கடல் உயிர்களுக்கான சோதனையில் பெரும்பாலோர் முதலில் கையில் எடுப்பது உப்புநீர் இறாலைத்தான். மணல்போல் இருக்கும் அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு, காற்றுக் குழாய் விட்டு, மேலே விளக்கு எரியவிட்டால் மறுநாளே ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகக் குஞ்சுகள் நீந்தும். அவற்றைச் சின்னக் குப்பிகளில் பத்துப் பத்தாகப் பிரித்துவிட்டு, தூளைக் குறைவாகவும் கூடவும் கலந்து, ஒரு நாள் கழித்து எத்தனை சாகின்றன என்று எண்ண வேண்டும். நான் எண்ணினேன். மிக அதிகமாகத் தூள் போட்ட குப்பியிலும் ஒன்றிரண்டுதான் செத்திருந்தன. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதேதான். மேடம் எனக்குக் கை கொடுத்தார். கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம்.

அதற்கு அடுத்த வாரமே மேடமும் நானும் எண்ணூருக்குப் போனோம். ஆற்று முகத்தில் நண்டும் இறாலும் பிடிக்கும் ஒருவர், எங்கள் துறையில் ஒருவருக்குத் தெரிந்தவர், தன் வலையில் ஒரு பகுதியைத் தூள் பூசி விட்டுப்பார்க்கச் சம்மதித்திருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். நான் அண்ணே என்று கூப்பிட்டேன். தூள் தோய்த்துக் காயவைத்த வலைத்துண்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இன்னா போட்டுகீறீங்க இதுல?"

"நொச்சியில செஞ்சதுண்ணே. பாசி புடிக்காது."

"பாசி சாவுதுன்னா எறா சாவாதா?"

மேடம் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சாகாதுண்ணே. நானே டெஸ்ட் பண்ணிட்டேன். வெறும் இலைதானே."

அவர் தலையாட்டிவிட்டு அந்தத் துண்டைத் தன் வலையோடு சேர்த்து முடியத் தொடங்கினார். அவர் மனைவி எங்களுக்கு டீ வைத்துக் கொடுத்தார்.

தப்பைக் கண்டுபிடித்தது, எண்ணூர் போய்வந்த சில நாளில், கடைசிச் சோதனையின் குப்பிகளைக் கழுவும்போது. வழக்கமாக ஆய்வக உதவியாளர் அக்காதான் கழுவுவார். திருவொற்றியூரிலிருந்து வருபவர். அன்று அவர் விடுப்பு. நானே தொட்டிக்கு எடுத்துப்போனேன். ஒவ்வொரு குப்பியின் அடியிலும் தயிர் உறைந்ததுபோல் வெள்ளையாக ஒரு படலம். பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போனது. கழுவுவதை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒரு குப்பி கலந்து மேசையில் வைத்து, எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் தூள் முழுவதும் கட்டிக் கட்டியாகச் சேர்ந்து அடியில் போய்ப் படிந்துவிட்டது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. உப்புத் தண்ணீரில் அந்தத் தூள் அப்படித்தான் செய்யும். குஞ்சுகளோ வெளிச்சத்தைத் தேடிப் போகிறவை. நான் விளக்கை மேலே வைத்திருந்தேன். அவை அத்தனையும் மேலே மிதந்துகொண்டிருந்தன. விஷம் கீழே, உயிர் மேலே. இரண்டும் சந்திக்கவே இல்லை.

அதோடு முடியவில்லை. அன்று மாலை அலமாரியில் இருந்த பழைய இறால் வளர்ப்புக் கையேடு ஒன்றை எடுத்து வாசித்தேன். பொரித்த முதல் நாளில் பெரும்பகுதி நேரம் அந்தக் குஞ்சுக்கு வாயே திறந்திருக்காது, முட்டையில் இருந்த மஞ்சள் கருவை வைத்தே காலம் தள்ளும் என்று அதில் இருந்தது. நான் அப்போதுதான் பொரித்தவற்றைப் பிடித்துச் சோதனைக்கு விட்டிருந்தேன், ஒரு நாளில் முடித்தும் விட்டேன். வாய் திறக்காத குஞ்சிடம் இது விஷமா என்று கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தும் பேசப் பிடிக்கவில்லை. நைனா கவனித்துவிட்டார். என் அப்பா துறைமுகத்தில் கூலியாக இருந்தவர். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இரும்புத் தாது இறக்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது காதுமடல், இமை, நகக்கண் எல்லாம் சிவந்திருக்கும். அவர் லுங்கியை அம்மா தனியாகத்தான் துவைப்பாள். மண்ணுதானே, குளித்தால் போய்விடும் என்று அவரே சொல்வார். இப்போது மூன்று மாடி ஏற அவர் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்தத் தூசியால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தந்ததில்லை. சோதித்துப் பார்த்தவரும் யாருமில்லை.

"இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன்.

"அந்த ஆளு வலைய தண்ணில போட்டுட்டாரா?"

"போட்டிருப்பாரு நைனா."

"அப்போ இன்னா குந்திகினு கீற? மறுக்கா செஞ்சு பாரு."

மறுநாள் காலை மேடத்தின் அறைக்குப் போனேன். என் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்து, விளக்கையும் வாயையும் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பேப்பர் அனுப்பியாச்சு. இப்போ வந்து சொல்றியே."

"நேத்துதான் மேடம் தெரிஞ்சுது."

"எத்தனையோ பேர் இதே முறையிலதான் பண்ணியிருக்காங்க. நீயே படிச்சிருக்க."

"படிச்சேன் மேடம். அதைப் பாத்துத்தான் நானும் பண்ணேன்."

அவர் நோட்டைப் புரட்டினார். குப்பிக்கு ஒரு சாண் மேலே விளக்கு என்று நானே எழுதி வைத்திருந்த இடத்தில் விரல் நின்றது. அந்த வரியை இரண்டு முறை வாசித்திருப்பார் போலிருக்கிறது.

"எவ்வளவு நாள் வேணும்?"

"ரெண்டு மாசம்."

"அதுக்குள்ள ஜர்னல்ல இருந்து பதில் வந்தா நான் பேசிக்கிறேன். ஆனா இந்தத் தடவை ஒரு ஓட்டை இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று மதியமே, குப்பிகளை மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்கும் சின்ன இயந்திரம் ஒன்றைப் பக்கத்துத் துறையிலிருந்து தன் பெயரில் வாங்கி அனுப்பினார். குப்பி உருண்டால் தூள் அடியில் படியாது.

நான் திட்டத்தைப் புதிதாக எழுதினேன். குஞ்சுகள் பொரித்து ஒரு நாள் ஆகி, வாய் திறந்த பிறகுதான் சோதனை. ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள். விளக்கு மேலே இல்லை, பக்கவாட்டில். சும்மா உப்புத் தண்ணீரில் சில குப்பிகள், வெறும் நொச்சிச் சாறு கலந்தவை சில, துத்தநாக உப்பு மட்டும் கரைத்தவை சில, எங்கள் தூளைக் குறைவாகவும் கூடவும் கலந்தவை மீதி. குஞ்சுகள் செத்தால் கொன்றது இலையா, துத்தநாகமா, துகளா என்று அப்போதுதான் தெரியும்.

இன்னொரு பயமும் இருந்தது, அது என்னைப் பற்றியே. முதல் தடவை சாகக் கூடாது என்று ஆசைப்பட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை சாக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்துவிடுவேனோ? ஆகவே எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியக் கூடாது என்று முடிவு செய்தேன். உதவியாளர் அக்காவிடம் கேட்டேன். நான் கலந்து வைத்ததும் அவர் இடம் மாற்றி, என் எழுத்தை மறைத்து, வேறு பெயர் ஒட்டிவிட வேண்டும். எது எது என்பதை அவர் மட்டும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

"நம்பர்லாம் எனுக்கு கொழம்பும்மா. மீன் பேரு வெச்சிக்கட்டா?" என்றார்.

அப்படித்தான் என் ஆராய்ச்சி நோட்டில், ஒரு வகைக் குப்பிகளுக்கு ஒரு மீனாக, வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, காரப்பொடி, கவளை என்று வரிசையாக வந்தது.

முதல் முயற்சி மழையில் போனது. இரண்டு நாள் விடாமல் அடித்த மழையில் கல்லூரியில் மின்சாரம் நின்று, காற்றுக் குழாய் நின்று, எல்லாக் குஞ்சும் செத்துவிட்டன. நான் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்தபோது தொட்டியில் நாற்றம் கிளம்பியிருந்தது. கொட்டிவிட்டு மறுபடி முட்டை போட்டேன். இரண்டாவது முயற்சியில் சும்மா உப்புத் தண்ணீர்க் குப்பிகளிலேயே குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. அவை செத்தால் மற்ற எந்தக் கணக்கும் செல்லாது. நான்கு நாள் காரணம் தேடினேன். கடைசியில் அக்காவே தயங்கித் தயங்கி வந்து சொன்னார்.

"நல்லா பளிச்சுன்னு இருக்கட்டும்னு சோப்புத் தூள் போட்டு கழுவிட்டேம்மா. அதுவா இருக்குமா?"

அதுதான். அவர் முகம் வாடிப்போனது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அத்தனை குப்பியையும் அமிலத்திலும் பிறகு வெறும் தண்ணீரிலும் அலசினோம். இரண்டு மாதத்தில் ஐந்து வாரம் கரைந்திருந்தது. மூன்றாவது தடவை முட்டை போட்டேன்.

இரண்டு நாள் முடிந்து எண்ண வேண்டிய நேரம் போகி அன்று காலையில் விழுந்தது. தெருவெங்கும் பழைய பாயும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. புகையில் எதிரில் வரும் வண்டி தெரியவில்லை. ஷேர் ஆட்டோ எதுவும் ஓடவில்லை. துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு நடந்தே போனேன். அக்கா எனக்கு முன்பே வந்து, புகை உள்ளே வராமல் ஜன்னல் இடுக்கில் துணி திணித்திருந்தார். பண்டிகை நாளில் அவர் வரத் தேவையே இல்லை.

மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒவ்வொரு குப்பியாக வைத்தேன். பத்து விநாடி பார்த்தும் கால் அசையாத குஞ்சு செத்தது என்பது விதி. வஞ்சிரம், எல்லாம் உயிரோடு. சங்கரா, எல்லாம் உயிரோடு. நெத்திலியில் பாதிக்கு மேல் அடியில் கிடந்தன. கவளையில் ஒன்றே ஒன்று ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காரப்பொடியில் உயிரோடு இருந்தவற்றின் உடம்புக்குள் தலையிலிருந்து வால்வரை வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. குஞ்சின் உடம்பு கண்ணாடிபோல, உள்ளே இருப்பது தெரியும். அது குடல். குடல் முழுக்க எங்கள் தூள்.

எண்ணி முடித்து, எழுதி, கீழே கையெழுத்துப் போட்ட பிறகுதான் அக்காவைப் பார்த்தேன். அவர் கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து வாசித்தார்.

"வஞ்சிரம், சும்மா தண்ணி. சங்கரா, நொச்சிச் சாறு. நெத்திலி, அந்த உப்பு. காரப்பொடி, தூளு கம்மி. கவளை, தூளு ஜாஸ்தி."

இலை எதையும் கொல்லவில்லை. துத்தநாகம் கொன்றது. தூள் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துத்தநாகத்தை விட்டிருக்கிறது. கரையாத மிச்சம் குடலை அடைத்திருக்கிறது. இலை அந்தத் தூளைச் செய்ய உதவிய பாத்திரம் மாதிரி, அவ்வளவுதான். நான் அழவில்லை. இரண்டு வருட உழைப்பு போய்விட்டதே என்றும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. எண்ணூரில் டீ கொடுத்த வீடுதான் கண்முன் வந்தது.

இன்னும் இரண்டு தடவை அதையே திருப்பிச் செய்தேன். ஆற்றுத் தண்ணீரை எடுத்து வந்தும் செய்தேன். அதில் சாவு குறைந்தது, சேறும் மக்கிய இலைதழையும் கொஞ்சம் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது. குறைந்ததே தவிர நிற்கவில்லை. மேடம் எல்லா நோட்டையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார்.

"நீ எண்ணூருக்குப் போறப்ப நானும் வரேன்" என்றார்.

"நான் சொன்ன வார்த்தை மேடம். நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறினேன். எண்ணூர் வரும்வரை எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது. அவர் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலையில் சிக்கிய குப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி நண்டுகளின் காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு எறா சாகாதுன்னு சொன்னேன் இல்ல. அது தப்பு. மறுபடி டெஸ்ட் பண்ணேன். சாகுது."

அவர் கை நின்றது. "இன்னா சொல்ற நீ? ரெண்டு மாசத்துக்கு மேல தண்ணில கெடக்குது அது."

"ஆமாண்ணே."

"அன்னிக்கு நீதான சொன்ன, வெறும் எலைன்னு."

"நான்தான் சொன்னேன். சரியா பாக்காம சொல்லிட்டேன். நீங்க போட்டது சின்னத் துண்டு, அதனால ஆத்துக்குப் பெருசா எதுவும் ஆகியிருக்காது. ஆனா மொத்த வலைக்கும் பூசினா ஆகும். பூசாதீங்க. வேற யாரும் கேட்டாலும் வேணாம்னு சொல்லுங்க."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சேறு வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. திட்டுவார் என்று நின்றேன்.

"இங்க வர்றவன் எல்லாம் ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொல்லிகினு போவான்" என்றார் கடைசியில். "திரும்பி வந்து ஆவும்னு சொன்னது நீ ஒருத்திதான்."

அது பாராட்டா குற்றச்சாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் குரலில் இரண்டுமே இருந்தன. மனைவி எழுந்து போய்க் கத்தியைக் கொண்டுவந்து, எங்கள் துண்டை வலையிலிருந்து அறுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"எடுத்துனு போ. இதுல இன்னும் எவ்ளோ கீதுன்னு பாரு. நாங்களும் தெரிஞ்சிக்கணும் இல்ல?"

எனக்குத் தோன்றாத யோசனை அது. அந்தத் துண்டை ஆய்வகத்தில் கரைத்துச் சோதித்தோம். பூசியதில் மிகச் சிறிய பங்குதான் ஒட்டியிருந்தது. மீதி ஆற்றோடு போயிருந்தது. எப்போது போனது என்று அறிய, அதே மாதிரி துண்டுகளை ஊறவைத்து நாள்தோறும் தண்ணீரைச் சோதித்தேன். முதல் வாரத்திலேயே பெரும்பகுதி கழன்றுவிடுகிறது. இதை நான் அவர்களிடம் போனில் சொன்னபோது அந்த அண்ணி, "அப்போ பாசி புடிக்காம இருக்கறதும் ஒரு வாரந்தான்" என்றார். உண்மைதான். பூச்சு பயனும் இல்லாதது, கெடுதலும் உள்ளது.

புதிய கட்டுரை எழுத எட்டு மாதம் ஆனது. முன்பு அனுப்பியதைவிடச் சிறிய ஆய்விதழில்தான் வந்தது. முதல் சோதனையில் விளக்கை எங்கே வைத்தோம், அதனால் என்ன தவறாகத் தெரிந்தது என்று ஒரு பத்தி எழுதி வைத்தேன். நீக்கிவிடலாமா என்று மேடத்திடம் கேட்டேன். இருக்கட்டும் என்றார். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "அப்ப உங்க பொருள் உருப்படாதுன்னு நீங்களே சொல்றீங்க" என்று சிரித்தார். இந்த வடிவத்தில் உருப்படாது சார் என்றேன். நைனா பின் வரிசையில் அயர்ன் செய்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில் பேசியது அவருக்குப் புரிந்திருக்காது, ஆனால் அந்தக் கேள்விக்கு நான் தயங்கவில்லை என்பது புரிந்தது என்று பிறகு சொன்னார்.

இப்போது அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தூளைக் கழன்றுபோகாமல் பிடித்துக்கொள்ளும் பசை ஒன்றை வேறொரு குழு செய்கிறது. அவர்கள் ஒவ்வொரு தடவை புதிதாகச் செய்ததும் ஒரு துண்டு எனக்கு வரும். தூள் படிவது சேற்றில்தான் என்பதால், சேற்றில் வாழும் மட்டி என்ற சிப்பியை வைத்துச் சோதிக்கிறேன். ஆற்றிலிருந்து மட்டி எடுத்து அனுப்புவது எண்ணூர் அண்ணனும் அண்ணியும். போன வாரம் வந்த பூச்சில் நான்கில் ஒரு மட்டி தொட்டாலும் மூடாமல் வாய் பிளந்து செத்துக் கிடந்தது. எழுதி, கையெழுத்துப் போட்டு, பூச்சைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.